மவுஸைக் கழற்றிப் பாருங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டில் விண்டோஸ் 10இல் இருந்து 11க்கு மாறுவது பற்றிக் கதைத்தோம். ஒலிப்பதிவு முடிந்த பிறகும் ஒரு விஷயம் மனதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மைக்குக்கு முன்னால் சொல்லக் கொஞ்சம் வெட்கம். எழுதுவது சுகம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கணினி விஞ்ஞானம் படித்தவன். பத்து வருடத்துக்கு மேலாகக் கொம்பனி கொம்பனியாகப் போய் ஒப்பந்தத்தில் ஐடி வேலை செய்கிறேன். நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே வார இறுதியில் புது விண்டோஸுக்கு மாற்றுகிற வேலைகளில் நின்றிருக்கிறேன். என்னுடைய சொந்த அம்மாவின் ஒரே ஒரு லப்டொப்பை மாற்றி, அவவால் அதைப் பாவிக்கவே முடியாமல் ஆக்கி, அது தெரியாமலே ரயில் ஏறிப் போனவனும் நான்தான்.

நடந்தது இதுதான்

அம்மா டோர்ட்முண்டில் இருக்கிறா. சனிக்கிழமைகளில் தமிழாலயத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறா. அவவின் லப்டொப் 2018இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை இன்டெல் புரொசசர், டிபிஎம் 2.0 சிப் எல்லாம் உள்ளே இருக்கிறது. அதாவது விண்டோஸ் 11 கேட்கிற தகுதி அதற்கு இருக்கிறது. விண்டோஸ் 10இன் சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிகிறது என்று ஒவ்வொரு நாளும் திரையில் ஒரு செய்தி வந்து அவவைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனேன். புட்டுச் சாப்பிட்டுக்கொண்டே அப்கிரேட்டை ஓட விட்டேன். என்னுடைய பையில் எப்போதும் ஒரு சின்ன மவுஸ் கிடக்கும். லப்டொப்பில் வேலை செய்யும்போது முதல் வேலையாக அதைக் குத்திவிடுவேன், பழக்கதோஷம். அப்கிரேட் முடிந்தது. வைஃபை பார்த்தேன், வேலை செய்தது. பிரிண்டர் பார்த்தேன், வேலை செய்தது. தமிழ் எழுத்து, படங்கள், பழைய வினாத்தாள்கள், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. "எல்லாம் ஓகே, அம்மா" என்று சொல்லி, மவுஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கொலோனுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் அம்மா லப்டொப்பைத் திறந்தா. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சோதனை. வினாத்தாளை முடித்துப் பிரிண்ட் எடுக்கவேண்டும். டச்பாட்டில் விரலை வைத்தா. ஒன்றும் அசையவில்லை. திரையில் அம்புக்குறியே இல்லை. துணியால் துடைத்துப் பார்த்தா. அணைத்துத் திரும்பப் போட்டா. அப்படியே இருந்தது. கடைசியில் வினாத்தாளைக் கையால் எழுதி, பள்ளிக்கூடத்தில் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தா.

பள்ளிக்கூடம் முடிந்து வரும் வழியில் லப்டொப்பை ஒரு கடையில் காட்டியிருக்கிறா. அங்கே நின்றவர் இரண்டு தரம் அமத்திப் பார்த்துவிட்டு, டச்பாட் செத்துப்போச்சு, ஏழு வருடப் பழசு, திருத்துகிற காசுக்குப் புதுசு வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். 649 யூரோவுக்கு ஒன்றைக் காட்டியும் விட்டார்.

எனக்கு அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் பெரிய மாற்றம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது அம்மாவுக்குத் தெரியும். அதனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் போன் எடுத்தா. சொன்ன முதல் வசனம் இது:

"தம்பி, நீ எல்லாம் வடிவாத்தான் செய்துபோட்டுப் போனனீ. நான்தான் ஏதோ தட்டிப்போட்டன் போல."

இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு வசனத்தால்தான் எழுதுகிறேன். பிழை விட்டவன் நான். மன்னிப்புக் கேட்டது அவ.

நல்ல காலம், அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியில் ஞாயிறு கடை பூட்டு. இல்லாவிட்டால் அந்த 649 யூரோ போயிருக்கும், ஒரு நல்ல லப்டொப் குப்பைக்குப் போயிருக்கும்.

டிரைவர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர்

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். எட்டு, ஒன்பது வயதில் அம்மா அப்பாவோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ டொக்டரிடமோ போய், நடுவில் நின்று மொழிபெயர்த்த அனுபவம். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டொக்டர் ஐந்து நிமிடம் டொச்சில் விளங்கப்படுத்தினார். எனக்குப் பாதிச் சொல் தெரியாது. அம்மா என்னைப் பார்த்தா. நான் சொன்னேன்: "ஒண்டுமில்லையாம்."

டிரைவர் செய்கிற வேலையும் இதுதான். டச்பாட்டுக்கு ஒரு மொழி. ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வேறொரு மொழி. நடுவில் நின்று ஒன்றை மற்றதுக்குச் சொல்கிற மென்பொருள்தான் டிரைவர். வீடு மாறினாலும் அதே மொழிபெயர்ப்பாளர் கூட வருவார் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் அப்கிரேட் செய்கிறோம். சில நேரம் அவர் வருவதில்லை. சில நேரம் அவருக்குப் பதிலாகப் பாதிச் சொல் தெரிந்த ஒருவர் வருகிறார்.

டச்பாட்டின் கதை கொஞ்சம் பழையது. அப்பிளின் பவர்புக் 500 வரிசை 1994இல் டச்பாட்டோடு வந்தது. அதன் பிறகு மற்ற லப்டொப்புகளிலும் பரவியது. பிசி பக்கத்தில் நெடுங்காலம் டச்பாட்டுகள் பிஎஸ்/2 என்ற இணைப்பில் ஓடின. அது ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த மவுஸ், கீபோர்ட் இணைப்பு. அந்த இணைப்புக்கு விரல் என்றால் என்னவென்று தெரியாது. மவுஸைத்தான் தெரியும். ஆகவே டச்பாட் தன்னை ஒரு மவுஸ் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தது. இரண்டு விரல், மூன்று விரல் சைகை எல்லாவற்றுக்கும் சினாப்டிக்ஸ், ஆல்ப்ஸ், இலான் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்களுக்கென்று தனி மொழி வைத்திருந்தார்கள். அதைப் புரிய அவர்களுடைய டிரைவர் வேண்டும். அந்த மொழிகளில் சிலவற்றை லினக்ஸ் ஆட்கள் டச்பாட் அனுப்புகிற சைகைகளை ஒவ்வொன்றாகக் கவனித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

இப்படியான லப்டொப்பை அப்கிரேட் செய்தபின் தனி டிரைவர் காணாமல் போனால் என்ன நடக்கும்? டச்பாட் வெறும் மவுஸாகிவிடும். அம்புக்குறி அசையும், கிளிக் வேலை செய்யும். ஆனால் இரண்டு விரலால் பக்கத்தை உருட்ட முடியாது. டச்பாட் எவ்வளவோ சொல்ல, கணினிக்குப் போய்ச் சேர்வது "ஒண்டுமில்லையாம்" மட்டும்தான்.

2013இல் விண்டோஸ் 8.1 ஓடு மைக்ரோசொஃப்ட் பிரிசிஷன் டச்பாட் என்ற பொது முறையைக் கொண்டுவந்தது. இதில் டச்பாட் தன் தனி மொழியை விட்டுவிடுகிறது. எந்த விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வடிவத்தில் சொல்கிறது. இது உருட்டலா, பெரிதாக்கலா, மூன்று விரல் சைகையா என்று தீர்மானிப்பது விண்டோஸ். தனி டிரைவர் தேவையில்லை. யூஎஸ்பி மவுஸ் ஒன்றைக் குத்தினால் எந்தக் கணினியிலும் உடனே வேலை செய்கிறதே, ஏறக்குறைய அதே யோசனைதான்.

ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. இந்தப் புது டச்பாட்டுகள் பெரும்பாலும் லப்டொப்புக்குள் ஐ-டூ-சி என்ற பாதையால் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாதைக்கே ஒரு டிரைவர் வேண்டும். இன்டெல் கணினிகளில் அது சீரியல் ஐஓ என்ற பெயரில் வரும். அப்கிரேட்டில் அது குழம்பினால், மொழிபெயர்ப்பாளர் சரியான ஆளாக இருந்தும் பிரயோசனமில்லை. அவர் வெளியே நிற்கிறார், கட்டிடத்தின் கதவு பூட்டியிருக்கிறது. அம்மாவின் லப்டொப்பில் நடந்தது இது.

ஞாயிற்றுக்கிழமை செய்தது

கடைக்காரர் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டார். அது உண்மையா என்று முதலில் பார்க்கவேண்டும். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. உபுண்டு லினக்ஸை ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கில் போட்டு, லப்டொப்பை அதிலிருந்து தொடக்குங்கள். நிறுவத் தேவையில்லை, சும்மா ஓட்டிப் பார்த்தால் போதும். விண்டோஸைத் தொடாது. அங்கே டச்பாட் வேலை செய்தால் வன்பொருள் நல்லாக இருக்கிறது, பிழை மென்பொருளில். அங்கேயும் அசையாவிட்டால்தான் கேபிள், பற்றரி வீங்கி அமத்துவது மாதிரியான விஷயங்களை யோசிக்கவேண்டும்.

உபுண்டு வந்ததும், "கை வைச்சுப் பாருங்கோ, அம்மா" என்றேன். வைத்தா. அம்புக்குறி ஓடியது. அம்மா திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

"அப்ப நான் உடைக்கேல்லையோ?"

"இல்லை அம்மா. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. நான் பார்க்காமல் போனதுதான் பிழை."

உண்மையில் அந்த நாளின் முக்கியமான திருத்தம் அதுதான். மிச்சம் அரை மணித்தியால வேலை.

விண்டோஸுக்குத் திரும்பி வந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். வேண்டுமென்றே மவுஸ் குத்தாமல், கீபோர்ட்டால் மட்டும் செய்தேன். விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அமத்தினால் ஒரு பட்டியல் வரும். அம்புப் பட்டன்களால் இறங்கி என்டர் அமத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டாப் ஒரு தரம், பிறகு கீழ் அம்பு. வலது அம்பு ஒரு பிரிவை விரிக்கும். ஹியூமன் இன்டர்பேஸ் டிவைசஸ் என்ற பிரிவுக்குள் ஐ-டூ-சி எச்ஐடி டிவைஸ் என்று ஒன்று, அதில் மஞ்சள் முக்கோணம். என்டர் அமத்திப் பார்த்தால் கோட் 10. அதாவது விண்டோஸுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியும், ஆனால் அதைத் தொடக்க முடியவில்லை.

பழைய டிரைவருக்குத் திரும்பிப் போகிற ரோல் பாக் பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்கிரேட்டுக்குப் பிறகு அது அடிக்கடி அப்படித்தான் இருக்கும். ஆகவே லப்டொப் தயாரித்த கொம்பனியின் ஆதரவுப் பக்கத்துக்குப் போய், சரியான மொடல் எண்ணைக் கொடுத்தேன். விண்டோஸ் 11க்கு ஒன்றுமே இல்லை. விண்டோஸ் 10 பட்டியலில் சீரியல் ஐஓ டிரைவர் இருந்தது. அதைப் போட்டேன். 10க்கு எழுதிய 64-பிட் டிரைவர்கள் பெரும்பாலும் 11இலும் ஓடும். ஒரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான். அம்புக்குறி வந்தது, இரண்டு விரல் உருட்டல் வந்தது, மூன்று விரல் சைகையும் வந்தது. டச்பாட்டுக்கென்று தனியாக ஒரு டிரைவரும் போடவில்லை. கதவைத் திறந்துவிட்டோம், மொழிபெயர்ப்பாளர் தானாக உள்ளே வந்தார்.

செலவு: பூச்சியம் யூரோ.

உங்கள் வீட்டிலும் நடந்தால்

முதலில் எந்த வகைப் பிழை என்று பிரியுங்கள். நேரத்தில் பாதி அதிலேயே மிஞ்சும்.

அம்புக்குறியே இல்லை என்றால், டச்பாட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல லப்டொப்புகளில் எஃப்என் பட்டனோடு மேல்வரிசையில் ஒரு பட்டனை அமத்தினால் டச்பாட் நின்றுவிடும், அதில் சின்ன டச்பாட் படம் இருக்கும். சிலவற்றில் டச்பாட்டின் மேல் மூலையில் இரண்டு தரம் தட்டினாலே அணைந்துவிடும். மவுஸ் குத்தியிருக்கும்போது டச்பாட்டை அணைக்கிற ஒரு தெரிவும் செட்டிங்ஸில் இருக்கிறது. அப்கிரேட்டைக் குறை சொல்ல முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

அது இல்லையென்றால் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பாட் என்று போங்கள். அந்தப் பக்கமே இல்லாவிட்டால் விண்டோஸுக்கு டச்பாட் தெரியவில்லை என்று அர்த்தம். பாதையைப் பாருங்கள்: டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸ் பிரிவில் சீரியல் ஐஓ வரிசைகள், ஹியூமன் இன்டர்பேஸ் பிரிவில் ஐ-டூ-சி வரிசை. கோட் 10 என்றால் தொடங்கவில்லை, கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ஷட்டவுன் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுன் முழுதாக நிற்பாட்டாது. பிறகு விண்டோஸ் அப்டேட்டுக்குள் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஒப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்தில் டிரைவர் காத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் தயாரிப்பாளரின் பக்கம்.

அம்புக்குறி அசைகிறது, ஆனால் உருட்டலும் சைகையும் இல்லை என்றால், பாதை நல்லாக இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர்தான் மாறிவிட்டார். டிவைஸ் மேனேஜரில் அந்த வரிசையைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். இலான், சின், ஆல்ப்ஸ் என்ற எழுத்துகளில் ஒன்று அங்கே இருந்தால் யாருடைய டிரைவரைத் தேடவேண்டும் என்று தெரிந்துவிடும்.

மவுஸே கையில் இல்லையா? தனி எண் பலகை உள்ள லப்டொப் என்றால், இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லொக் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். எண் பட்டன்களால் அம்புக்குறியை ஓட்டலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும்.

லினக்ஸ் பாவிக்கிற ஆட்களுக்கும் ஒரு வரி. அப்கிரேட்டுக்குப் பிறகு டச்பாட் காணாமல் போனால், தொடங்கும்போது கிரப் பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்து பாருங்கள். அதில் ஓடினால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும். டச்பாட் ஓடுகிறது, ஆனால் கைக்கு வேறு மாதிரி இருக்கிறது என்றால், பழைய சினாப்டிக்ஸ் டிரைவருக்குப் பதிலாக லிப்இன்புட் வந்திருக்கும். உங்கள் பழைய அமைப்புகளை அது வாசிக்காது, புதிதாகச் செய்யவேண்டும்.

இன்னொன்று. விளம்பரத்தில் வருகிற "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் திருத்தும்" மென்பொருட்களை அம்மா அப்பாவின் கணினியில் போடாதேங்கோ. இருக்கிற பிரச்சினையோடு இன்னும் இரண்டு சேரும்.

எங்கே முடிகிறது அப்கிரேட்?

இப்போது என்னுடைய கருத்துக்கு வருகிறேன். அப்கிரேட் நூறு வீதம் என்று திரையில் வந்தால் வேலை முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். இல்லை. அந்தக் கணினியை ஒவ்வொரு நாளும் பாவிக்கிற ஆள், தன்னுடைய கையால், தான் பாவிக்கிற மாதிரியே பாவித்துப் பார்க்கும்போதுதான் அது முடிகிறது. என்னுடைய மவுஸ் குத்தியிருந்த அந்த லப்டொப்பை நான் எனக்காகச் சோதித்திருக்கிறேன். அம்மாவுக்காக ஒன்றையுமே சோதிக்கவில்லை.

தூரத்தில் இருந்து திருத்துகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். லண்டனில் இருந்து பாரிஸில் இருக்கிற அப்பாவின் திரையைத் திறந்து எல்லாவற்றையும் செய்யலாம். உங்கள் மவுஸால் அங்கே அம்புக்குறி அழகாக ஓடும். அவருடைய டச்பாட் உயிரோடு இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியவே வராது. கடைசியில், "இப்ப நீங்கள் கை வைச்சுப் பாருங்கோ" என்று கேட்காமல் தொடர்பைத் துண்டிக்கக்கூடாது.

"டச்பாட் தானே, பத்து யூரோவுக்கு ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்தால் முடிஞ்சுது" என்று சிலர் சொல்வீர்கள். எங்கள் ஒலிப்பதிவுக் குழுவில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். அவசரத்துக்குச் சரி. நானும் இப்போது அம்மாவின் லாச்சிக்குள் ஒரு மவுஸ் வைத்திருக்கிறேன். ஆனால் கேள்வி மவுஸ் பற்றியது மட்டுமல்ல. நேற்றுவரை வேலை செய்த ஒரு பொருள் இன்றைக்கு வேலை செய்யாவிட்டால், எங்கள் பெற்றோர் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு யன்னலிலும் "நீங்கள் பிழையாகச் செய்திருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பழகியவர்கள். கணினியும் அதையே சொல்வதாக அவர்களுக்குப் படுகிறது. "ஏன் அதைத் தொட்டனீங்கள்?" என்று நாங்கள் கேட்டால், அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறோம். நானும் இதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இனிக் கேட்கமாட்டேன்.

"அப்ப அப்கிரேட்டே செய்யாமல் விடலாமே" என்பது இன்னொரு பதில். அதுவும் சரியில்லை. பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் வங்கி வேலை செய்வது ஆபத்து. ஆனால் அவசரப்படவும் தேவையில்லை. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருக்கிற தனிநபர்களுக்கு விண்டோஸ் 10இன் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை 2026 ஒக்டோபர் வரை மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தருகிறது, மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்றால் உள்நுழைய வேண்டும். சோதனைக்கு முதல் நாள் இரவு அப்கிரேட் செய்தது என்னுடைய வசதிக்காக. அம்மாவுக்கு அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று நான் கேட்கவேயில்லை.

தயாரிப்பாளர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. 2018இல் விற்ற லப்டொப்பை விண்டோஸ் 11 தகுதியானது என்று சொல்கிறது. ஆனால் அதைச் செய்த கொம்பனியின் பக்கத்தில் 11க்கு ஒரு டிரைவரும் இல்லை. பழைய மொடல்களுக்கு டிரைவர் எழுதிச் சோதிக்கக் காசு செலவாகும் என்பது எனக்குத் தெரியும். சரி, அப்படியென்றால் எத்தனை வருடத்துக்கு டிரைவர் தருவோம் என்று பெட்டியிலேயே எழுதி விற்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் இருந்து பொருந்தும். அதன்படி பொதுவாகக் குறைந்தது 5 வருடம் பாதுகாப்பு அப்டேட் தரவேண்டும். பாதுகாப்புக்கு ஒரு காலக்கெடு எழுத முடியும் என்றால், விரல் வைக்கிற இடத்துக்கும் எழுதலாம்.

அதுவரை எங்களால் செய்யக்கூடியது, பொது முறையில் ஓடுகிற பொருளை வாங்குவது. அம்மா அப்பாவுக்கு லப்டொப் எடுக்கும்போது எத்தனை ஜிபி என்று மட்டும் பார்க்காதேங்கோ. பிரிசிஷன் டச்பாட்டா என்று பாருங்கள். லினக்ஸ் ஸ்டிக்கில் எல்லாம் ஓடுகிறதா என்று, திருப்பிக் கொடுக்கிற காலத்துக்குள் பாருங்கள். அம்மாவின் லப்டொப் பிழைத்ததற்குக் காரணமும் அதுதான். உடையக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நான் இப்போது செய்வது

வீட்டாரின் கணினி ஒன்றை அப்கிரேட் செய்ய முன், மொடல் எண்ணையும் டச்பாட்டின் ஹார்ட்வேர் ஐடியையும் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். வைஃபை, சீரியல் ஐஓ, டச்பாட் டிரைவர்களை முன்கூட்டியே இறக்கி ஒரு ஸ்டிக்கில் வைக்கிறேன். பிஎன்பி-யூட்டில் என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது, வெளியாள் டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் ஒரு ஃபோல்டருக்குள் எடுத்துத் தரும். அப்கிரேட் செய்த திகதியைக் கலண்டரில் குறிக்கிறேன். ஏனென்றால் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகிற தெரிவு 10 நாட்களுக்குத்தான் இருக்கும். அடுத்த இரண்டு நாள் நான் கிட்ட நிற்கக்கூடிய நேரமாகப் பார்த்துத்தான் தொடங்குகிறேன்.

கடைசியில், மவுஸைக் கழற்றுகிறேன். எழும்பிக் கதிரையை விடுகிறேன். அம்மா வந்து இருந்து, ஒரு வினாத்தாளைத் திறந்து, இரண்டு விரலால் மேலும் கீழும் உருட்டி, பிரிண்ட் கொடுக்கிறா. நான் வாய் திறப்பதில்லை. அதன் பிறகுதான் பையைத் தூக்குகிறேன்.

போன கிழமை அம்மா போன் எடுத்தா. தமிழாலயத்தில் இன்னொரு ஆசிரியையின் லப்டொப்பிலும் அப்கிரேட்டுக்குப் பிறகு அம்புக்குறி காணாமல் போய்விட்டதாம். அவவின் மகன் ஹம்பேர்க்கில். "நான் சொல்லிப்போட்டன், நீங்கள் ஒண்டும் உடைக்கேல்லை, பயப்பிடாதேங்கோ எண்டு. விண்டோஸ் பட்டனும் எக்ஸும் அமத்தச் சொன்னனான். மஞ்சள் முக்கோணம் ஒண்டு நிக்குதாம். இனி என்ன செய்யிறது, தம்பி?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மொடல் எண் என்னவென்று கேட்டேன்.

இந்தக் கிழமை அம்மாவிடமோ அப்பாவிடமோ போகிறவர்கள், மவுஸைக் கழற்றி அவர்களைக் கை வைக்கச் சொல்லிப் பாருங்கோ. என்ன நடந்தது என்று இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். அடுத்த எபிசோட்டில் அதிலிருந்து சிலவற்றைக் கதைப்போம்.